பின்னால் கால் வைக்க

ஏங்க,

ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். பின்கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது.

பழைய இரும்புக்காரர் இன்று வருவார். நம் பையன் விபத்தில் போன அன்று வளைந்த பைக் ஃப்ரேமைக் கொடுத்துவிடுங்கள். வாசலில் வைத்து அறுக்க வேண்டாம், முழுசாகவே தூக்கிப் போகட்டும். நேற்று நான் அதன் மேல் துண்டைக் காயப்போட்டிருந்தேன். எடுக்கும்போதுதான் கவனித்தேன். அழுகை வரவில்லை. துண்டு காய்ந்திருந்தது, மடித்து அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பதில் வேறு வருஷத்து ஃப்ரேமை வாங்கி வந்து, "இது எங்கப்பா ஓட்டின அதே வண்டிதான்"னு கத்தினீர்கள். "எப்படி அதே வண்டியாகும்?"னு நானும் கத்தினேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம். பழைய வண்டியின் பாகங்களை அதிலேயே மாட்டுங்கள்.

ஆனால் காலையில் போய்ப் பார்த்தேன். அது ஒற்றை சீட் வந்த வருஷத்து ஃப்ரேம். பின்னால் உட்காருபவருக்கு ஃபுட்ரெஸ்ட் மாட்ட இடமே இல்லை. நீங்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் சொல்லவில்லையா, தெரியவில்லை. நான் எங்கே கால் வைப்பது? மத்தியானம் வெல்டர் வந்ததும் இரண்டு பக்கமும் பட்டை வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

காஸ் தீரப்போகிறது, போன் பண்ணிவிடுங்கள்.

இன்னொன்று. எனக்கென்று புது ஹெல்மெட் வாங்க வேண்டாம். அன்றைக்கு அவன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது என் தலைக்குச் சரியாக இருக்கிறது.