நாலு நிமிடம் பதினோரு வினாடி

கார்வெல், இண்டியானா
18 மார்ச் 1987

அன்புள்ள ராய்ஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ட்ரூடியும் அவள் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் சுகத்தை உன்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எங்களுக்கு இல்லாததால் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அதுவும் மேற்குக் கரையில் டகோமாவில் நீங்கள் ஆடுகிற கூடைப்பந்து ஆட்டம் இங்கே ஒரு நாள் தள்ளித்தான் அச்சில் வரும். அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் அந்தப் பக்கத்தைப் பிரிக்கிறார். உன் பெயருக்கு நேரே "ஆடவில்லை, பயிற்சியாளர் முடிவு" என்று போட்டிருக்கும். போன வாரம் மூன்று ஆட்டத்துக்கும் அதே வரிதான். மூன்றாம் முறை அப்பா பேப்பரை மடித்து அடுப்புக்குள் வைத்துவிட்டார், நான் இன்னும் வானிலைகூடப் படித்திருக்கவில்லை. உனக்கு இருபத்து நாலு நாளாகத் தொலைபேசியில் பேச நேரமில்லை. நான் கூப்பிட்டால் உன் பதிவு இயந்திரம் பேசுகிறது. ஏழு தடவை அந்த இயந்திரத்தோடு பேசியாகிவிட்டது, எனக்கு அது இன்னொரு பிள்ளைபோல ஆகிவிட்டது, அதுவாவது மரியாதையாகப் பேசுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். முழங்காலுக்கு ஐஸ் வைக்கிறாயா? ஆடாத நாளிலும் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்கு மறந்திருக்கும்.

உங்கள் அணியைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். பதினாலு ஜெயம், ஐம்பத்து மூன்று தோல்வி. எட்டு வருடம் முன்னால் கோப்பையை வாங்கினபோது இருந்த ஐந்து பேரில் நீ ஒருவன்தான் மிச்சம். மற்ற நாலு பேரை ஒவ்வொருவராக விற்றார்கள், ஓய்வு கொடுத்தார்கள், ஒருவனைப் பேருந்திலிருந்து இறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னார்களாம், நீயே சொன்னாய். இப்போது இருக்கிற பையன்களுக்குப் பந்து கூடையில் பட்டுத் திரும்பும்போது எதிராளியை முதுகால் தள்ளி மறித்து நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா? நம் ஊரில் ஆறாம் வகுப்புப் பெண் குழந்தைகள் அதைச் செய்யும். ஐந்து பேரும் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். உன் பயிற்சியாளருக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவு, அவர் போடுகிற கோட்டு மட்டும்தான் அவரிடம் நன்றாக இருக்கிறது. தோற்றுக் கடைசி இடத்தில் நின்றால்தான் அடுத்த வருடம் கல்லூரியிலிருந்து அந்த நெட்டைப் பையனை முதலில் எடுக்க விடுவார்கள் என்று முதலாளி நினைக்கிறாராம், ட்ரூடியின் கணவன் சொன்னான். தோற்பதற்கென்றே ஒரு அணியை நடத்துவார்களா? எனக்கு இது விளங்கவே இல்லை. அதற்காக உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, டிக்கெட்டில் மட்டும் உன் படத்தைப் போட்டு விற்கிறார்கள்.

சரி, ஊர்ச் செய்தி. ட்ரூடியின் பெரியவளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறது, சிரிக்க மாட்டேன் என்கிறாள். நம் பழைய பழுப்புப் பசு இரட்டைக் கன்று போட்டது, இரண்டும் பிழைத்துக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. காலியாக இருக்கிறது என்றால் ஆள் கிடைக்காமல் அல்ல. மன்சி நகரத்திலிருந்து இரண்டு பேர் விண்ணப்பம் போட்டார்கள், நிர்வாகக் குழு பார்க்கவே இல்லை. மார்ச் முப்பது வரைக்கும் ராய்ஸுக்காகக் காத்திருப்போம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். நீ என்ன செய்தாய்? டகோமாப் பேப்பர்க்காரனிடம் பேட்டி கொடுத்தாய். கொடுத்தது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயோ என்னவோ. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாரே ஆர்லோ, அவருடைய மருமகன் அங்கேதான் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அவன் அந்தப் பேட்டியைக் கத்தரித்து அனுப்பியிருந்தான். ஆர்லோ அதை ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தார். அப்பா படித்துவிட்டு என் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று அவன் கேட்டதற்கு நீ சொன்னதை மனப்பாடமாக எழுதுகிறேன்: "பதினாலு வருஷம் ஆடினேன். கடைசியா ஒரு தடவை ஆடறதைப் பாக்க எங்க ஊர்க்காரங்களால நாலு நிமிஷம் உக்கார முடியல. மாட்டுல பால் கறக்கணும்னு கெளம்பிட்டாங்க. எங்கம்மாவையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு நான் எதுக்கு?"

ராய்ஸ், என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. இதைத்தான் இருபத்து நாலு நாளாக அந்த இயந்திரத்திடம் சொல்ல முடியாமல் இருக்கிறேன். நீ உன் ஊரை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாய் என்பதுதான் எனக்கு ஆத்திரம். நம் பள்ளிக்கூட அரங்கில் முப்பது புள்ளி பின்னால் இருந்தாலும் யாராவது நடுவில் எழுந்து பார்த்திருக்கிறாயா? கடைசி வருடப் பையன்களின் அம்மாக்கள் எழுந்தபிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள். அது வரைக்கும் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பாதிரியாராக இருந்தாலும் சரி. நீ பள்ளியில் ஆடின கடைசி ஆட்டத்தில் நான் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டேன் என்று மூவாயிரம் பேர் அரை மணி நேரம் காத்திருந்தார்கள், விளக்கை அணைக்க வந்தவர் உட்பட. அப்படிப்பட்ட ஊர் அன்றைக்கு இண்டியானாபொலிஸில் நீங்கள் ஆடினபோது எனக்கு முன்னால் எழுந்திருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நீ யோசித்திருக்கமாட்டாய், அம்மா எழுந்திருக்க மாட்டாள் என்று நம்பிவிட்டாய்.

அம்மாதான் எழுந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர் வந்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையைப் பாதிரியார் அரை மணி முன்னதாகவே முடித்துவிட்டார். கூடைக்குப் பின்னால் நாலு வரிசை எடுத்து, உன் சட்டை எண்ணை எழுதின படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வருடத்துக்கு ஒரு தடவைதான் உங்கள் அணி இந்தப் பக்கம் வரும், இது கடைசித் தடவை என்று எல்லாருக்கும் தெரியும், உன் பயிற்சியாளருக்கும் தெரியும். மூன்றாம் கால் பகுதி முடியும்போது முப்பத்தொரு புள்ளி பின்னால் இருந்தீர்கள். நீ பயிற்சிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சின் கடைசியில் முழங்காலில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எல்லாரும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். உன் பயிற்சியாளர் திரும்பி எங்களைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். அதே சமயம் நீ எழுந்து, இருபத்தொரு வயதுப் பையன் ஒருவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து முதுகில் தட்டிக் கை தட்டினாய். எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்தது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அது பாதிதான். உன்னைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது ராய்ஸ். கோப்பையைத் தூக்கின என் பிள்ளை இப்படிக் கை தட்டிக்கொண்டு நிற்கிறானே, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே நடந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உன்னை நினைத்து வெட்கப்பட்டது என் வாழ்நாளில் அது ஒரு தடவைதான், அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாளைப் பார். எழுந்து மேலங்கியைப் போட்டேன். வெளியே நடையில் போய் நின்றால் போதும் என்றுதான் எழுந்தேன். பொத்தானைப் போட்டுத் திரும்பினால் நாற்பத்திரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள், விரிப்பைக்கூட மடித்துவிட்டார்கள். ஆர்லோ கேட்டார், "நோரீன், போலாமா?" உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான் "போலாம்" என்றேன்.

சாயங்காலம் ஆறங்குலம் பனி விழும் என்று வானொலியில் சொல்லியிருந்ததால் அதையே காரணமாக எல்லாருமாகப் பேசிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். கடைசியில் அந்தப் பனி வடக்கே போய்விட்டது, ஒரு பொட்டுகூட இங்கே விழவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்தபோது ஆர்லோ வானொலியைத் திருப்பினார். ஆட்டம் முடிய நாலு நிமிடம் பதினோரு வினாடி இருக்கும்போது உன்னை ஆட இறக்கினார்கள் என்று வானொலிக்காரன் சொன்னான். எதிரணியின் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம், எதிரணியின் ஆட்கள். நீ கூடைக்குப் பின்னால் இருக்கிற இருக்கைகளை அண்ணாந்து பார்த்தாய் என்று சொன்னான், அவருடைய ஊர்க்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள், இப்போது காணோமே என்றான். இடது கையால் ஒன்று போட்டாய், பிறகு மூலையிலிருந்து ஒன்று. உன் அப்பா பேருந்தில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுந்து நின்று, "வண்டியைத் திருப்பு ஆர்லோ" என்றார். திருப்ப இடம் வர மூன்று மைல் போக வேண்டியிருந்தது. இது உனக்குத் தெரியாது, நாங்கள் திரும்பி வந்தோம். வீரர்கள் வெளியே வருகிற பின்வாசல் என்று ஒருவன் காட்டின இடத்தில் நாற்பத்து மூன்று பேரும் விரிப்பைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் குளிரில் நின்றோம். பாதிரியாரின் மனைவிக்குத் தொண்டை கட்டி இரண்டு வாரம் பேச்சு வரவில்லை. பிறகு காவல்காரர் வந்து, உங்கள் அணி வேறு வாசல் வழியாக விமான நிலையத்துக்குப் போய் வெகு நேரமாகிவிட்டது என்றார். பால் கறக்கப் போனார்கள் என்று சொன்னாயே, அன்றைக்கு நம் ஊரில் ஒரு மாட்டுக்கும் நேரத்தில் பால் கறக்கவில்லை. ஏழு மணிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாக் கொட்டகையிலும் ஒரே கத்தல்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். நீ சொன்னது பேப்பரில் வந்து, ஊர் முழுவதும் படித்துவிட்டது. கடையில், கோவிலில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கே போனாலும் அதைப் படித்தவர்கள்தான். ஒருவர்கூட உனக்கு ஒரு வரி எழுதி, உன் அம்மாதான் முதலில் எழுந்தாள் என்று சொல்லவில்லை. ஆர்லோவுக்கு எழுபது வயது, நீங்கள்தான் ஓடிப்போன ஊர்க்காரர்களா என்று பக்கத்து ஊர்ப் பேருந்து ஓட்டுநர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள், கேட்டுக்கொண்டு வருகிறார். நான் அவரிடம் போய், ராய்ஸுக்கு எழுதி நானே சொல்லிவிடப் போகிறேன் என்றேன். என்ன சொன்னார் தெரியுமா? "வேணாம் நோரீன். பெத்த அம்மா மேல கோவத்தோட ஒருத்தன் எப்படி இருப்பான்? எங்க மேலயே இருந்துட்டுப் போகட்டும். நாங்க நாப்பத்திரண்டு பேரு, பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்." எனக்கு அவர்மேலும் எரிச்சலாக வந்தது, எல்லார்மேலும் எரிச்சலாக வருகிறது. நல்லவர்களாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? நான் மூன்று வாரமாகக் கோவிலில் முன் வரிசையில் உட்காருவதில்லை. முன்னால் உட்கார்ந்தால் நான் எழுந்தபிறகு எழலாம் என்று இன்னும் காத்திருக்கிறார்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே அவர்களுக்கெல்லாம் தெரியாமல் இதை எழுதிவிட்டேன். அப்பாவுக்கு மட்டும் தெரியும், கொட்டகையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எழுது, வெட்கப்பட்டதையும் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது இல்லாவிட்டால் அந்த வரியை விட்டிருப்பேன். பயிற்சியாளர் வேலை உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல், முப்பத்தைந்து வயதில் எங்கே வாழ வேண்டும் என்று உனக்குத் தெரியும், நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கார்வெல் உனக்காக உட்காரவில்லை என்ற காரணத்தை மட்டும் சொல்லாதே, அது பொய். அம்மா உட்காரவில்லை என்று சொல், பேப்பர்க்காரனிடம்கூடச் சொல், நான் கத்தரித்து வைத்துக்கொள்கிறேன். இன்னும் பதினைந்து ஆட்டம் இருக்கிறது. பெஞ்சிலேயே உட்கார வைத்தாலும் அந்தப் பையன்களுக்குத் தண்ணீர் கொடு, கை தட்டு. அன்றைக்கு நான் பார்த்தது என்ன என்று இங்கே வந்து யோசித்தேன், அந்தப் பெஞ்சில் தோற்பதற்கென்றே உட்கார்ந்திராத ஆள் நீ ஒருவன்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. சொல்ல வேண்டியவளிடமிருந்து தாமதமாக வருகிறது, பொறுத்துக்கொள்.

கடவுள் உன் காலையும் கையையும் காப்பாற்றட்டும், உன் கோபத்தையும் சீக்கிரம் இறக்கி வைக்கட்டும். வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகாதே. ஈரத் தலையோடு வெளியே நிற்காதே, உங்கள் ஊர் மழைக்கு ஒரு முடிவே கிடையாது. நிர்வாகக் குழு முப்பதாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடுகிறது, முகவரியை உறையின் உள்ளே தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சரி என்றோ வேண்டாம் என்றோ அவர்களுக்கு உன் கைப்பட ஒரு வரி எழுது. எனக்கு எழுத மனம் வராவிட்டால் பரவாயில்லை, அவர்களுக்கு எழுது.

உன் அம்மா
நோரீன்