எனக்குப் பின்னால் ஒரு கோடு

டிசம்பர் 9, பட்டியாலா

புது பூட்ஸ் வந்தது. வந்த கையோடு இடது பூட்ஸின் முனையில் பிளேடால் ஓட்டை போட்டேன். பந்தை விடும்போது அந்தக் கால்தான் தரையில் இடி மாதிரி இறங்கும். ஓட்டை இல்லையென்றால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்துவிடும். இதெல்லாம் அம்மாவுக்குப் புரிவதில்லை.

"புதுசை வாங்கிட்டு வந்து அன்னிக்கே கிழிக்கிறவன் இந்தப் பஞ்சாப்லயே நீ ஒருத்தன்தான்டா நவீ!"

வலைப் பயிற்சியில் தல்ஜிந்தர் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோச்.

"லைன் பிரமாதம். வேகம் எங்கடா? பேட்ஸ்மேன் டீ குடிச்சிட்டு வந்து அடிக்கிறான். இந்த ஒரு மேட்ச் பார்ப்பேன். அப்புறம் உன் இடத்தை ஏகமுக்குக் குடுத்துடுவேன்."

ஏகம் வெளியூர் ஆட்டங்களில் என் அறைக்கூட்டாளி. பத்தொன்பது வயது, அண்ணன் என்று மரியாதையாக 'பாஜி' போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவான், வாயைத் திறந்தால் மூடமாட்டான், என் ஷாம்பூவைத்தான் தீர்ப்பான். அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதத்தான் ஆசை. இருக்கிறது.

டிசம்பர் 14

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மூடுபனி. மதியம் வரை ஆட்டமே இல்லை. பிறகு பிட்ச் தெரிகிற அளவுக்கு விலகியது. எல்லைக்கோடு அப்போதும் தெரியவில்லை. ஓடத் தொடங்கும் இடத்தை நான் காலையிலேயே பூட்ஸின் ஸ்பைக்ஸ் ஆணியால் கீறி வைத்திருந்தேன். ஒரு கோடு, அதன் கீழே ஒரு கொக்கி. பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் என் அடையாளம்.

சார் சொன்னதையே நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தேன். காலடியில் கீறல் தெரிந்தது. திரும்பி ஓடினேன். பாதி ஓட்டத்தில்தான் உறைத்தது, தூரம் கூடிவிட்டது என்று. தூரம் கூடினால் கால் தப்பி இறங்க வேண்டும், நோ பால் ஆக வேண்டும். ஆகவில்லை. கால் அச்சாக இறங்கியது. ஸ்டம்ப் கீப்பர் பக்கமாகப் பறந்தது. பேட்ஸ்மேன் போகவில்லை, பந்து இனிமேல்தான் வரும் என்பது போல நின்றுகொண்டிருந்தான்.

தண்ணீர் கொண்டுவந்த ஏகம் காதருகே சொன்னான். "பாஜி, காலையில என்ன சாப்பிட்டே? எனக்கும் வாங்கிக் குடு."

ஓவர் முடிந்து போய்ப் பார்த்தேன். என் கொக்கி முன்னால் கிடந்தது. நான் ஓடியது அதற்குப் பின்னால் இருந்த ஒன்றிலிருந்து. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள், நடுவில் குதிகாலால் அழுத்திய குழி. 

டிசம்பர் 15

ஐந்து விக்கெட். நாள் முழுக்க அங்கிருந்துதான் ஓடினேன். பின்னே? 

மற்ற பந்துவீச்சாளர்களைக் கேட்டேன், அவர்களுடையது இல்லை. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற மங்கத் சிரித்தான். "அவ்ளோ தூரத்துலேர்ந்து ஓட நம்ம டீம்ல எவனுக்கு மூச்சு இருக்கு? நேத்து சாயங்காலம் நானே புல்லை வெட்டி ரோலர் ஓட்டினேன். அங்க ஒண்ணும் இல்ல."

இன்று காலை கீறல் புதிதாக இருந்தது. மண் ஈரமாக இருந்தது.

டிசம்பர் 23, ராஜ்கோட்

யாரும் வருவதற்கு முன்னால் மைதானத்துக்குப் போனேன். இங்கேயும் இருக்கிறது.

டிசம்பர் 24

இங்கே பனி கிடையாது. சுள்ளென்று வெயில். பனியில் மட்டும் தெரிந்திருந்தால் கண்ணைக் குறை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பட்டப்பகலில், கறுப்பு மண்ணில், அதே இரண்டு கோடுகள், அதே குழி. பக்கத்தில் போனபோது கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. பயமாக இருந்தது என்றே எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

மணிக்கு நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் காட்டியது வேகமானி. என் வாழ்க்கையில் நூற்று முப்பத்தாறைத் தாண்டியதில்லை.

டிசம்பர் 31

சார் மடிக்கணினியில் என் பந்துவீச்சைப் போட்டுக் காட்டினார். ஓடத் தொடங்கும் முன் நான் இடது கையைத் தொடையில் இரண்டு தரம் தட்டுகிறேன். ஒவ்வொரு பந்துக்கும். எனக்கு அந்தப் பழக்கமே இல்லை.

"ஜக்தாரைப் பாத்துக் கத்துக்கிட்டியா?" என்றார் சார். "அவனும் இப்படித்தான் தட்டுவான். பாவம். முதுகு உடையாம இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பான்."

ஜக்தார் சிங் ஆடி நான் பார்த்ததே இல்லை. நான் அணிக்கு வருவதற்கு முன்பே அவர் ஆட்டம் முடிந்துபோயிற்று.

ஜனவரி 5

தேர்வாளர் ஒருவர் வந்து கை குலுக்கினார். இந்த மாதக் கடைசியில் இந்தியா ஏ அணி அறிவிப்பாம். "உடம்பைப் பாத்துக்கோ" என்றார். 

உடம்பு. இடுப்புக்கு மேலே இடப்பக்கம் ஒரு வலி. நாலைந்து நாளாக. பிசியோவிடம் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார், ஏகம் உள்ளே வந்துவிடுவான். காலையில் சாக்ஸ் போடக் கட்டிலில் படுத்துக் காலைத் தூக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 8, நாபா

ஜக்தார் பாஜியைத் தேடிப் போனேன். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். முதுகில் கம்பி வைத்திருக்கிறார்கள், உட்கார்ந்து எழுந்திருப்பதே சிரமம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கதவைத் திறந்தவர் விறைப்பாக நிமிர்ந்து நின்றார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"வா தம்பி, வா! ராஜ்கோட்ல எவ்ளோ வேகம் போட்டே?"

அதைத்தான் முதலில் கேட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. நூற்று நாற்பத்தைந்து என்றேன். கண்ணை மூடிக்கொண்டார், பசித்தவன் வாயில் சோறு வைத்த மாதிரி.

அவர் மனைவி சூடான கேரட் அல்வா, கஜ்ரேலா, கொண்டுவந்து வைத்தார். "மூணு வருஷமா இவருக்குச் சட்டை மாட்டி விடுறது நான்தான்" என்றார். "இந்த டிசம்பர்லேர்ந்து என்ன மாயமோ, தானே மாட்டிக்கிறார். பூட்ஸ் லேஸ்கூடக் கட்டுறார்னா பாத்துக்கோ!"

அவர் மனைவி உள்ளே போனதும் கேட்டேன். "பாஜி, அந்தக் கோடு உங்களுதா?"

"எனக்கு முன்னாடி வேற ஒருத்தரோட கோடு இருந்துச்சு," என்றார். "நானும் அதுலேர்ந்துதான் ஓடினேன். நல்லா இருந்துச்சு இல்ல?"

"எனக்கு முதுகு வலிக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"நீ அங்கேர்ந்து ஓடுற அன்னிக்கு எனக்கு வலிக்கிறதில்ல தம்பி." வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். "மூணு வருஷம் குனியவே முடியாம கிடந்தேன்."

கிளம்பும்போது அலமாரிக்கு மேலே பார்த்தேன். பழைய பூட்ஸ். இடது முனையில் ஓட்டை. ஸ்பைக்ஸ் முழுக்கக் கறுப்பு மண், ராஜ்கோட் களிமண். நாபாவில் அந்த மண் ஏது?

கஜ்ரேலாவைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 9

இனிமேல் என் கோடு. என் கொக்கி. நூற்று முப்பது போட்டாலும் அது என் நூற்று முப்பது. முடிவு.

ஜனவரி 17, மொஹாலி

மறுபடியும் பனி. அந்தக் கீறல் எனக்குப் பின்னால் கிடந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கொக்கியிலிருந்து ஓடினேன். அடி பின்னிவிட்டார்கள். "என்னடா ஆச்சு உனக்கு?" என்று எல்லைக்கோட்டில் நின்று கத்தினார் சார். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஏகம் கையைச் சுழற்றிச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்தேன். அவ்வளவுதான். பின்னால் நடந்தேன். என் கோட்டைத் தாண்டி.

மூன்றாவது பந்து. கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி ஒரு சத்தம், வெளியே இல்லை, எனக்குள்ளே. புல்லில் முகம் பதிந்து கிடந்தேன். அப்போதும் காதில் கைதட்டல். விக்கெட் விழுந்திருந்தது.

தூக்கிக்கொண்டு போகும்போது ஏகம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். அழுதான், பைத்தியக்காரன்.

ஜனவரி 20

கீழ் முதுகெலும்பில் முறிவு. ஒரு வருஷம் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன். ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 29

முதுகுப் பட்டையோடு படுத்தே கிடக்கிறேன். அம்மாதான் என் வெட்டாத முடியை அலசி, உலர்த்தி, கொண்டை முடிந்து, தலையில் பட்கா துணி கட்டி விடுகிறாள். இருபத்தொரு வயசு ஆம்பளைக்கு! அவள் கை காதில் படும்போது அழுகை வருகிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

இந்தியா ஏ பட்டியல் வந்தது. பார்க்கவில்லை.

பிப்ரவரி 4

ஜக்தார் பாஜி போன் பண்ணினார். என்னை விசாரிக்க இல்லை. அவருக்கு மறுபடியும் வலி வந்துவிட்டதாம்.

பிப்ரவரி 12

காலையில் கண் விழித்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. வலி இல்லை. 

சாயங்காலம் கோவாவிலிருந்து ஏகம் போன் பண்ணினான். அணியில் என் இடத்தில் அவனைத்தான் எடுத்திருக்கிறார்கள். கத்துகிறான், மூச்சு வாங்குகிறது.

"பாஜி! நாலு விக்கெட்! நூத்தி நாப்பத்தி மூணு! நானே நம்பல!"

"சந்தோஷம்டா."

"ஒண்ணு கேக்கணும். நீ எப்பவாவது கோவாவுல ஆடியிருக்கியா?"

"இல்ல. ஏன்?"

"இல்ல... இங்க என் மார்க்குக்குப் பின்னாடி செம்மண்ணுல இன்னொரு மார்க் கிடக்குது. ஒரு கோடு, கீழ ஒரு கொக்கி. அச்சு அசல் உன்னுது. தெரியாம அதுலேர்ந்து ஓடிட்டேன். சூப்பரா வருது பாஜி! நாளைக்கும் அதுலேர்ந்தே ஓடவா?"

வாயைத் திறந்தேன். ஓடாதேடா என்று சொல்லத்தான் திறந்தேன். அப்போது கவனித்தேன், நான் நின்றுகொண்டிருந்தேன். போனை எடுக்கக் கட்டிலிலிருந்து நானே எழுந்து வந்திருக்கிறேன், சுவரைக்கூடப் பிடிக்காமல்.

"நல்லாத் தூங்கு. காலையில பேசலாம்" என்றேன்.

பிப்ரவரி 13

அம்மா விடிந்ததும் என் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சத்தம் போட்டாள். "யார்டா இதைப் போட்டுட்டுப் போனது? ஒரு மாசமா கட்டிலுக்கு அடியிலதானே கிடக்குது? பாரு, எங்கிருந்துடா வந்துச்சு இவ்ளோ செம்மண்ணு? வீடு முழுக்க உதிருது!"

குடு என்று வாங்கிக்கொண்டேன். கொல்லைக் குழாயடிக்கு எடுத்துப் போய், குனிந்து, நானே கழுவினேன். மண் நல்ல சிவப்பு. ஓட்டைக்குள்ளும் விரல் விட்டுத் தேய்த்தேன்.

கோவாவில் ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது ஏகமிடமிருந்து போன் வந்தது. ஈரக் கை. துடைத்துக்கொண்டு எடுக்கலாம் என்று இருந்தேன். அடித்து ஓய்ந்தது.