சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம்

நாள் 1. காலை 6.20. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரைச் சாலை.

மின்கலம் முழுசு. டயர்கள் சரி. வானம் தெளிவு.

நான் ஒரு கேம்ப் வண்டி. பின்னால் அடுப்பு, கூரையில் கூடாரம், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மூளை. எனக்கு ஓட்டுநர் வேண்டாம், பயணி போதும். பயணி ஆவுடைநாயகி, கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவள். வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட பயணம் இது. கன்னியாகுமரி வரை கடலை ஒட்டியே போவது, கண்ட இடத்தில் இறங்கி நடப்பது, இருட்டினால் கூடாரம் அடிப்பது.

கிளம்பும் முன் என் இடது முன் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். வாயே திறக்கவில்லை. வைத்தாள், ஏறினாள், நான் நசுக்கினேன். லாரிக்காரர் மகள். பாறையின் வயதைச் சொல்லத் தெரிந்தவளை இந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. பழத்தை வைத்தால் கிளம்பு என்று அர்த்தம், இல்லையென்றால் சும்மா நில். எனக்கும் அது பிடித்துப்போயிற்று.

திருநெல்வேலியிலிருந்து அவள் தம்பி பலவேசம், ரேடியோவில்: “எக்கா, கடலோரத்துல ரேடியோவுல கத பேசிட்டு இருக்காத. மிதவைங்க கேட்டுக்கிட்டே கெடக்கும். ஏ வண்டி, எக்காவப் பத்திரமா கூட்டிட்டு வந்துரு, என்ன.”

நாள் 2. மாலை 5.45. தேரி.

செம்மண் மேடுகள். முன்பு கடல் இங்கிருந்து வெகு தூரமாம். இப்போது மேட்டின் காலடியில் அலை அடிக்கிறது. சிவப்பு மண்ணும் நீலத் தண்ணீரும் ஒட்டி நிற்பதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெறுங்காலோடு நடக்கப் போனாள். திரும்பி வந்து காலிலிருந்த மண்ணையெல்லாம் என் தரையில் உதறினாள். கூட்டுவதற்கு எனக்குக் கை இல்லை என்று தெரிந்தேதான் செய்தாள்.

மிதவைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடல் ஏறி ஊர்களைத் தின்ற காலத்தில் மீட்புக் குழுவினர் விட்டவை அவை. ரேடியோவில் கேட்கிற குரல்களைக் கற்றுக்கொள்ளும். தத்தளிப்பவனுக்கு அவன் வீட்டார் குரலிலேயே தைரியம் சொல்லும். குழு கலைந்துவிட்டது. மிதவைகள் மட்டும் கலையவில்லை. இப்போது கரையில் நிற்பவர்களையும் தெரிந்த குரலில் தண்ணீருக்குள் கூப்பிடுகின்றன.

ஆவுடை இன்று ரேடியோவில் தம்பியிடம் ஒரு மூச்சு பேசித் தீர்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை.

நாள் 3. காலை 7.05. மணப்பாடு.

வழக்கம்போல் பழம், வழக்கம்போல் பயணம். இங்கே குன்று மட்டும் கடலுக்குள் தனியாக நிற்கிறது. தண்ணீர் வற்றும்போது ஒரு மணல் பாதை தெரிகிறது. ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பை, கையடக்க ரேடியோவோடு போயிருக்கிறாள். மேலே போய் சர்பத் போட, மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்களையும் பையில் அள்ளிக்கொண்டாள்.

9.30. அவள்: “ஏ வண்டி, மேலேருந்து பாத்தா நீ தீப்பெட்டி மாதிரி இருக்க. தண்ணி ஏறுததுக்கு முன்னாடி வந்துருவேன்.”

மாலை 6.00.

தண்ணீர் ஏறிவிட்டது. பாதை இல்லை. அவள் ரேடியோவில் பேச்சு இல்லை. குன்றின் மேல் அசைவு எதுவும் தெரியவில்லை.

பலவேசம்: “நாளைக்குப் படகோட வாறேன். நீ அந்த எடத்த விட்டு அசையாத.”

பயமாக இருக்கிறது. வண்டிக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

நாள் 4. காலை 6.10.

ரேடியோவில் ஆவுடை: “ஏ வண்டி. நான் இங்ஙனதான் இருக்கேன். தண்ணி முழங்கால் அளவுதான். இறங்கி வா.”

நேற்றைய பதிவோடு ஒப்பிட்டேன். “ஏ வண்டி” அப்படியே நேற்றையது, இடையில் இழுத்த மூச்சு உட்பட. மிதவை. தெரிந்தும் என் மோட்டார் தானாக முனகியது.

நான் நகரவில்லை. சக்கரத்தடியில் பழம் இல்லை. ஆனால் கேட்டுத் தொலைத்தேன்: “எலுமிச்சம்பழம் வைத்தாயிற்றா?”

ரேடியோ அமைதியானது. என்னிடமிருந்து எதையோ வாங்கி வைத்துக்கொண்ட அமைதி. அவள் ஒருநாளும் ரேடியோவில் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன்.

மாலை 4.30.

பலவேசம், படகிலிருந்து: “குன்னுல ஆளு இல்ல. செருப்பு மட்டும் கெடக்கு.” அப்புறம் அழுகை. அப்புறம்: “காலைல திரும்ப வந்து தேடுவேன். நீ அசையாத.”

நாள் 5. காலை 5.50.

அலை என் டயர் வரை வந்துவிட்டுப் போயிருக்கிறது. இடது முன் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் கிடக்கிறது. ஈரமாக.

ரேடியோவில் ஆவுடை: “எலுமிச்சம்பழம் வச்சாச்சு. கிளம்பு.”

மிதவைக்கு வாய்தான் உண்டு, கை கிடையாது. பழத்தை அலை கொண்டுவந்திருக்கிறது. அவள் பையிலிருந்த பழம். பை எங்கே இருக்கிறதென்று எனக்கு விளங்குகிறது. அவள் எங்கே என்பதும் விளங்குகிறது.

அசையாதே என்றான் பலவேசம். பத்திரமாகக் கூட்டி வா என்றவனும் அவன்தான். அவள் இல்லாமல் நான் எங்கே திரும்பிப் போவது. எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் குறிப்பு முழுவதையும் ரேடியோவில் அவனுக்கு அனுப்புகிறேன். மிதவைகளும் கேட்கும், என் பேச்சையும் கற்றுக்கொள்ளும். கேட்கட்டும்.

6.02. நசுக்கினேன். சாறு இல்லை. உள்ளே கடல்தண்ணீர்தான்.

6.04. முன் சக்கரங்கள் தண்ணீரில். அவள் குரல் நெருக்கத்தில். வலது பக்கமா, இடது பக்கமா

6.07. முழங்கால் அளவு இல்லை. பலவேசம், வராதே. இது முழங்கால் அள

நாள் 1. காலை 6.20. மணப்பாடு.

மின்கலம் முழுசு. டயர்கள் சரி. வானம் தெளிவு.

பயணி நலம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான். பலவேசம், நீயும் இறங்கி வா. அசையாதே என்று நீ சொன்னாய், நாங்கள் அசையவில்லை.

வரும்போது எலுமிச்சம்பழம் கொண்டு வா.