வடகடலுக்கு நான் வாங்கிக் கொடுத்த லீவு

இன்று காலை ஃபஹாஹீல் கிடங்கில் மீன்தீவன மூட்டை ஒன்றைப் பிரித்தேன். கிரில் தூளின் கவிச்சி முகத்தில் அடித்தது. உடனே மூட்டையைத் திருப்பி, எந்தக் கடலில் பிடித்தது என்று பார்த்தேன். தென்கடல். எப்போதும் தென்கடல்தான். தெரிந்தும் ஒவ்வொரு மூட்டையிலும் பார்க்கிறேன்.

பரிசோதனைக் கூடத்தில் என் எதிர்மேசை உன்னுடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, குடும்பத்தோடு நார்வேயில் குடியேறி, அங்கே கடலியல் படித்து, வேலைக்காகக் குவைத் வந்தவள் நீ. டியூட்டி முடிந்து கடற்கரைக்குப் போனால் தண்ணீரில் கால் வைத்துவிட்டு, "இது கடலே அக்கா? ரசம்" என்று சிரிப்பாய்.

கிரிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உன் டீ ஆறிவிடும். விரல் நீளம்கூட இல்லாத, இறால் மாதிரியான உயிர். பகலில் வடகடலின் இருட்டு ஆழத்தில் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் கோடிக்கணக்கில் மேலேறி வந்து நுண்பாசிகளை மேயும். கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தன் நிழல் தெரியாதபடி அடிவயிற்றில் நீல வெளிச்சம் வைத்திருக்கும். ஹெர்ரிங் மீன், கடற்பறவை, திமிங்கலம் என்று எத்தனையோ உயிர்களுக்கு அதுதான் சோறு. செத்து மக்கி மேலிருந்து அடிக்கு இறங்குவதையும் அது விடாது. "கடலுக்கை விழுந்தது ஒண்டும் வீணாப் போகாது அக்கா" என்பாய். இப்போது அது காதில் ஒலிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நீ படித்த காலத்து ஆய்வுக் கப்பலில் வடகடலுக்கு ஒரு மாதம் வரச்சொல்லி அழைப்பு வந்தது. மேனேஜர் "லீவு மாஃபி, கலாஸ்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். நீ அழவில்லை, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். நான்தான் அவர் அறைக்குப் போய், உன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கினேன்.

மூன்றாவது வாரம், வலையைத் தூக்கும்போது பெரிய அலையொன்று உன்னைக் கப்பல் தளத்திலிருந்து வாரிக்கொண்டு போனதாம். இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். நீ கிடைக்கவில்லை.

உன் அம்மா நார்வேயிலிருந்து கூப்பிட்டார். "நீங்களே பிள்ளை, அவளுக்கு லீவு எடுத்துக் குடுத்தது?"

"இல்லம்மா, கம்பெனிதான் கொடுத்தாங்க" என்றேன்.

அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ. கப்பலில இருந்து கதைக்கேக்கை அவள் சிரிச்ச மாதிரி ஒரு சிரிப்பை நான் கனகாலம் கேக்கேல்லை. அந்த மனுசருக்கு நன்றி சொல்ல வேணும்."

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தேன். மாதம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கிறார். நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.