விலகிக் கிடந்த ஒயர்

பிப்ரவரி 3

கிடார் வாத்தியார் நான் கட்டிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. "கீச்சுனு கத்துது மேடம். பசங்க காதைப் பொத்திக்கிறாங்க." அவர் எதிரிலேயே கிடாரைச் செருகி, சத்தத்தை முழுக்கத் திருப்பிக் காட்டினேன். சுத்தமாக இருந்தது. "இதோ, இப்பக்கூட" என்றார். எங்கே? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். உங்கள் வீட்டுக் கரண்டில் கோளாறு இருக்கும் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கோபம்கூட வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 4

என் வீட்டுக்காரர் போய் ஏழு மாதம். இன்றும் அழவில்லை.

பிப்ரவரி 10

அக்கா கடைக்குப் போய்விட்டு வந்து கால் மணி நேரம் பெல் அடித்தாளாம். "உள்ள என்னடி பண்ற? கட்டை விரல் தேஞ்சு போச்சு எனக்கு!" வேலையாக இருந்தேன் என்றேன். பொய். ஒயர் ஒட்டும் ஈயக் கம்பியைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் போனதிலிருந்து எல்லாமே ஒரு கம்பளிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. பேச்சு, தெரு, மழை எல்லாம். துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல.

துணைக்கென்று வந்தவள் போகாமலேயே இருக்கிறாள். பள்ளி நூலகத்தில் முப்பது வருடம் 'சத்தம் போடாதே' என்றே சொல்லி ஓய்வு பெற்றவள். இந்த வீட்டுக்குப் பொருத்தமான ஆள்தான்.

பிப்ரவரி 12

இரண்டாவது பெட்டியும் வந்துவிட்டது. இவர் பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிப்பவர். "எங்க கிளினிக் சத்தமே தேவலை மேடம்" என்றார்.

அப்படிக் கத்துவதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாதா? கிடாரிலிருந்து வரும் ஒயரும் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரும் ஒட்டி ஓடினால், போன சத்தம் திரும்ப உள்ளே புகுந்து ஆம்ப்ளிஃபயர் தானாகக் கத்தும். இது அரிச்சுவடி. இரண்டு வருடம் முன்பு பெட்டியைப் பாதியாகச் சின்னதாக்கினேன். ஒயர்கள் நெருங்கத்தான் செய்யும், கத்தினால் பிரித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இருபது பெட்டிக்கு மேல் கட்டியாயிற்று. ஒன்றுகூடக் கத்தவில்லை, ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அவர் இருந்தவரை.

அவர் இருந்தவரை — எழுதிய பிறகுதான் கண்ணில் படுகிறது.

பிப்ரவரி 13

நான் கட்டுவேன், அவர் வாசித்துப் பார்ப்பார். இதுதான் எங்கள் ஏற்பாடு. "வாசிச்சுப் பாக்கணும்" என்று ஒவ்வொன்றையும் இரண்டு நாள் மாடி அறையில் வைத்துக்கொள்வார். "என்னைப் பொண்ணு பாக்கவே பத்து நிமிஷந்தான் எடுத்துக்கிட்டீங்க, ஒரு பெட்டிக்கு ரெண்டு நாளா?" என்பேன். சிரிப்பார். பிறகு மூடியின் உள்பக்கம் பென்சிலால் 'சரி' என்று எழுதித் தேதி போடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஈயம் வைக்க மட்டும் அவரை விட்டதே இல்லை. வைத்தால் காக்கை எச்சம் மாதிரி சொத்தென்று விழும். அடிக்கடி விரலில் கொப்புளம் வேறு. கேட்டால் டீ கொட்டிவிட்டது என்பார்.

அவர் போன பிறகு நான் கட்டி விற்றது இரண்டே இரண்டு. இரண்டும் மூடிக்குள் எதுவும் எழுதாமல் போயின, இரண்டும் திரும்பி வந்துவிட்டன. என் கை போய்விட்டது என்றால் இந்த மேசையைக் காலி செய்துவிட வேண்டியதுதான். அப்புறம் காலையில் எதற்கு எழுந்திருப்பது?

பிப்ரவரி 17

"கோவிச்சுக்காதடி. அவர் வாட்ச்சை ஏதாவது பண்ணு. தினம் சாயங்காலம் அஞ்சு மணியானா அலறுது" என்றாள் அக்கா.

எந்த வாட்ச்? பீரோவில் இருப்பதா? அது அவரோடு சேர்ந்து ஓய்ந்துவிட்டது என்று நானாக ஒரு கதை வைத்திருந்தேன். அதனால் பீரோவின் அந்தத் தட்டைத் திறந்தும் பார்க்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எடுத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐந்து. ஓரத்தில் சின்ன மணிப் படம் மின்னியது. அக்கா முகத்தைச் சுளித்தாள். காதோடு வைத்து அழுத்தினேன். ஒன்றுமில்லை. அடுத்த காது. ஒன்றுமே இல்லை.

"கத்துதா?"

"கத்துதுடி."

"இப்பவும்?"

"இப்பவும்." அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிப்ரவரி 20

காது பரிசோதனை. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கனத்த சத்தமெல்லாம் கேட்டது. மெல்லிய கீச்சுகள் வரும்போது வெறும் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாளில் கோடு நேராகப் போய், பாதியில் படிக்கட்டில் உருண்ட மாதிரி இறங்கியிருந்தது.

"எவ்ளோ நாளா இப்படி?" என்று கேட்டாள் பரிசோதித்த பெண்.

"ஏழு மாசமா."

"இல்லைங்க. இது மெதுவா வர்றது. அஞ்சாறு வருஷமாவது இருக்கும்."

அப்படியானால் அந்த இருபது பெட்டிகள்? அவை எப்படிக் கத்தாமல் இருந்தன?

பிப்ரவரி 21

மாடி அறைக்குப் போனேன். அவருக்கென்று நான் கட்டிய பெட்டி அங்கேதான் இருக்கிறது. மூடியைக் கழற்றினேன். 'சரி', தேதி. அதற்குக் கீழே என் வேலை, நூல் பிடித்தாற்போல். ஒரே ஒரு ஒயர் மட்டும் நான் கட்டிய ஒயர்க் கொத்திலிருந்து பிரிந்து, பெட்டியின் ஓரமாக வளைந்து விலகிக் கிடந்தது. கிடாரிலிருந்து வரும் ஒயர். அதன் நுனியில் காக்கை எச்சம்.

முன்பு பெட்டி வாங்கிய இரண்டு பேருக்குப் போன் போட்டு, மூடியைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். இரண்டிலும் அதே ஒயர், அதே எச்சம்.

ரெண்டு நாள். வாசிச்சுப் பாக்கணுமாம். டீ கொட்டிடுச்சாம்! எத்தனை டீங்க அது? இருபது டீயா? ஏங்க சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பிரிச்சு வெச்சிருப்பேனே. நான் பெரிய கைகாரின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே, உங்களை ஈயத்தைத் தொடாதீங்கன்னு விரட்டினேனே, பேசாம நின்னீங்களே — எனக்குக் காது போகுதுன்னு எங்கிட்ட சொல்ல உங்களுக்கு மனசு வரலையா? இல்ல, சொன்னா நான் உடைஞ்சிடுவேன்னு நெனச்சீங்களா? செத்தவரோட எப்படிச் சண்டை போடுறது?

அழுதேன். எவ்வளவு சத்தமாக என்று எனக்குத் தெரியாது. அக்கா மூச்சிரைக்க மாடி ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 22

தூங்கினேன்.

பிப்ரவரி 25

வாத்தியாருக்குப் போன் செய்தேன். "கோளாறு உங்க கரண்ட்ல இல்லை சார். என் காதுல." "சாயங்காலம் பெட்டியைக் கொண்டு வரட்டுமா மேடம்?" என்றார்.

மார்ச் 2

காதுக் கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். வர மூன்று வாரம் ஆகும். அதுவரை பெட்டி காத்திருக்காது.

அக்காவை மேசைக்கு எதிரே உட்காரவைத்தேன். "எனக்குப் பாட்டைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதேடி." கத்துதா இல்லையான்னு தெரியுமில்ல, அது போதும் என்றேன். வாத்தியாரின் பெட்டியை ஆன் செய்து, மரக்குச்சியால் அந்த ஒயரை மெல்லத் தள்ளினேன். கண்ணை ஒயரில் வைக்கவில்லை, அவள் புருவத்தில் வைத்திருந்தேன். "இன்னும்... இன்னும்... இரு." புருவம் இறங்கியது. "நின்னுடுச்சு."

அந்த இடத்திலேயே ஒயரை நிறுத்தி ஈயம் வைத்தேன். பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். நூலக எழுத்தில், கோடு போட்டாற்போல், 'சரி' என்று எழுதித் தேதி போட்டாள்.

அவர் பெட்டியையும் மூடிவிடலாம் என்று மாடிக்குப் போனேன். அந்த ஈயத்தைச் சுரண்டிவிட்டு ஒழுங்காக வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. என் பழக்கப்படி முதலில் ஒயரை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நன்றாகத்தான் பிடித்திருந்தது.