ஐந்தாம் வருஷத்து ஆரஞ்சு

கொட்டச்சேடு, ஏற்காடு,
நவம்பர் 18.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு,

அப்பா மரியஜோசப் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் சோசன்னா அம்மாச்சியும், அவர் வீட்டார் அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

போனில் பேசினால் என்ன என்பாய். முக்கியமான விஷயத்துக்கு வரும்போதெல்லாம் இந்த மலையில் சிக்னல் போய்விடுகிறது. மஞ்சக்குட்டை ஆண்டனி ராஜின் மகளும் உன்னைப் போலவே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அடுத்த வாரம் இஸ்ரயேல் வருகிறாள். இந்தக் கடிதத்தையும் அம்மா இடித்த கறிவேப்பிலைப் பொடியையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறோம். பொடி அம்மாச்சிக்கு.

பதினாறு வயதில் மற்ற யூதக் குடும்பங்களோடு கொச்சியை விட்டு, முன்னோர் இரண்டாயிரம் வருஷம் ஜெபத்தில் கேட்ட மண்ணில் போய் இறங்கிய அம்மாச்சி, முதல் வேலையாகக் கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாராம் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பாலும் தேனும் பொழியும் நாடு என்றுதான் வேதத்தில் இருக்கிறது. தாளிப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாச்சி விளக்கேற்றியதும் பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடி, புளி போட்ட மீன் குழம்புக்குச் சண்டை போடுவார்கள் என்றும், அந்த மேசையில் உனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்றும் எழுதியிருந்தாய். நாற்காலி வரியை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

நீ அனுப்பிய ஒரு பாட்டில் யோர்தான் ஆற்றுத் தண்ணீரை இதுவரை நாற்பது வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. பாட்டில் குறையவேயில்லை. ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பெருகியதைப் போன்ற அற்புதம் என்று நினைத்திருந்தேன். போன வாரம் அம்மா சமையலறைக் குழாயடியில் அந்தப் பாட்டிலோடு நிற்பதைப் பார்த்தேன். வந்த வழியே திரும்பிவிட்டேன். விசுவாசத்தைக் கெடுக்க நான் யார்?

டிவியில் உங்கள் நாட்டுச் செய்தி வந்தால் மட்டும் அம்மா சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். சத்தம் இல்லாவிட்டால் பயம் பாதியாகிவிடுமாம். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாதியாகவில்லை.

இனி ஆரஞ்சு மரம்.

நீ பஸ் ஏறிய மறுநாள் வீட்டுக்குப் பின்னால் அந்தக் கன்றை வைத்தேன். அந்த வருஷமே நீ எழுதினாய்: அம்மாச்சி வீட்டு இளம் மாதுளையில் பழம் பழுத்தும் யாரும் தொடுவதில்லை, மூன்று வருஷம் உண்ணக்கூடாது என்பது மோசே காலத்துச் சட்டம் என்று. நான் நம் பைபிளை எடுத்துப் பார்த்தேன். லேவியர் ஆகமம், பத்தொன்பதாம் அதிகாரம். மூன்று வருஷம் விலக்கு. நாலாம் வருஷம் ஆண்டவருக்கு. ஐந்தாம் வருஷம் உண்ணலாம். முப்பத்தாறு வருஷம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். எழுதியிருந்தால் எழுதியபடிதான்.

மூன்றாம் வருஷம் ஏழு காய்த்தது. லேவியரை வாசிக்காத குரங்குகள் மூன்றைத் தின்றன. மீதியைக் குழி தோண்டிப் புதைத்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சித்தன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏனுங்க ரைட்டரே, மரம் வெச்சது திங்கறதுக்கா, காவக் காக்கறதுக்கா? எங்க ஊட்லயும் மொதப் பழம் சேர்வராயனுக்குத்தானுங்க. அதுக்காகச் சாமி மூணு வருசமெல்லாம் பட்டினி போடாதுங்க” என்றான். நாலாம் வருஷம் மொத்தமும் பீடத்துக்குப் போயிற்று. பங்குச் சாமியார் ஒரு சுளை தின்றுவிட்டு, “கொஞ்சம் புளிப்போ?” என்றார். ஆண்டவர் ஒன்றும் குறை சொல்லவில்லை.

இதைக் கேட்டு அம்மாச்சி இரண்டு நாள் சிரித்தார் என்று போன மாதம் எழுதினாய். அந்தச் சட்டம் யூதர்களுக்குச் சொன்னது, ஏற்காட்டு மரியஜோசப்புக்கு யார் சொன்னது, அந்த மனுஷனை ஒரு தடவை பார்க்க வேண்டுமே என்றாராம். அவரிடம் மரியாதையாகச் சொல்: எங்களிடம் இருப்பதும் அதே புத்தகம்தான், இன்ன பக்கம் எங்களுக்கு இல்லை என்று அதில் அச்சடிக்கவில்லை.

அதே கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய். வருகிற தையில் உன் ஐந்து வருஷம் முடிகிறது. அம்மாச்சி விட மனமில்லாமல் இருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா, நீங்கள் சரி என்றால்தான் என்று. ஒரு மாதமாகப் பதில் எழுதுகிறேன். வேண்டாம் என்று எழுதினால் அந்த நாற்காலி கண்ணில் வருகிறது. சரி என்று எழுதப் பேனா ஓடவில்லை. ஆகவே உன் இஷ்டம் என்று எழுதுகிறேன். இது நான் யோசித்து எழுதியதுதான்.

மரத்தில் இப்போது பத்தொன்பது பழம். ஐந்தாம் வருஷம். உண்ணுங்கள் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பார்சல் அனுப்புங்கள் என்று மோசே எங்கும் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

சாகுமுன் கொச்சியில் தான் பிறந்த வீட்டை ஒரு தடவை பார்க்க அம்மாச்சிக்கு ஆசை என்றும், டாக்டர் சம்மதித்தால் மூத்த பேத்தி அழைத்துவரத் தயார் என்றும் எழுதியிருந்தாய் அல்லவா? கொச்சியிலிருந்து சேலம் ஒரு ராத்திரி ரயில். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. சித்தன் மகன் முருகன் ஜீப்பை முட்டை கொண்டுவருவது போல ஓட்டுவான். என்னைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன். வழி தெரிந்த ஒருத்தி கூட வந்தால் அவருக்கு உதவியாக இருக்கும்.

நீ இருக்கும் வீடும் அந்த மண்ணும் அமைதியாயிருக்க, ஆபிரகாமைக் கூட்டிவந்த கடவுள் உன்னையும் கைப்பிடித்து நடத்துவாராக. பழம் தை வரைக்கும் மரத்தில் நிற்கும்.

உன் அன்பு அப்பா,
மரியஜோசப்

பொடி டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு:

கண்ணு, அம்மா எழுதறேன். அப்பாவுக்குத் தெரியாது. பழம் பத்தொன்பது இல்ல, பதினெட்டு. ஒன்ன நான் நேத்துத் தின்னுட்டேன். நொம்ப இனிப்பு. அம்மாச்சிக்குக் குளிர் தாங்காதுன்னு கீழ் ரூமுக்கு ரெண்டு கம்பளி வாங்கிப் போட்டிருக்காரு அப்பா. உன் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. உன் இஷ்டம்னு எழுதிட்டு, அவரே போயி ஜன்னலுக்குப் பச்சப் பெயின்ட் அடிச்சாரு. வந்து பாரு சாமி.