கண்ணை உயர்த்தினால் ஓம்

ஜன. 6, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். ஒஃபிசுக்கு ஐந்து நாள் லீவு போட்டாயிற்று. மு.ப. 10க்குப் பல்கலைக்கழகத்திலிருந்து டொக்டர் மிஸ்ஸும் எஞ்சினியர் ஒருவரும் மூளை மெஷினோடு வந்தார்கள். வெள்ளி வரைக்கும்தான், பரிசோதனைக்கு. சாமான்: வயர் தொங்கும் தொப்பி, பசை டியூப், லெப்டொப், கறுப்புப் பெட்டி. என் கணவர் நவ்சாத்தின் தலையை நேற்றே மழித்துவிட்டேன்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். சாய்ந்தமருதுக் கரையில் மீன் ஏலம் கூறிய மனிசன். இப்போது விரல்கூட அசையாது. ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது: "கண் தானாத்தான் அசையுது. அவருக்கு ஒண்டும் வெளங்கா." நம்பினேன். எல்லாரும்தான்.

ஜன. 7, செவ்வாய்
'ஓம்' என்றால் வலது கையை அசைப்பதாக அவர் நினைக்க வேண்டும். 'இல்லை' என்றால் காலை. மெஷின் பிடித்துச் சொல்லும்.

"உங்கட பேர் நவ்சாதா?" ஓம்.
"உங்களுக்கு நாலு புள்ளையா?" இல்லை. (எங்களுக்குப் பிள்ளையே இல்லை.)
"பக்கத்தில நிக்கிறது உங்கட மனைவியா?" ஓம்.

மதினி, அவருடைய ராத்தா, கதவடியில் நின்று அழுதாள். பிறகு குசினிக்குள், அடுப்படிக்கு வந்து என் காதுக்குள்: "அப்ப நாம கதைச்சதெல்லாம் கேட்டுக்கிட்டா தம்பி கிடந்தான்?"



ஜன. 8, புதன்
மதினிக்கு அவள் கதைத்ததை நினைத்துப் பயம். எனக்கு நான் சொன்னதை நினைத்து.

போன நோன்பில், ஒரு பின்னேரம். மூன்றாம் தடவையாக விரிப்பு மாற்றும்போது அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்: "அல்லாஹ் உங்கள எடுத்தா ரெண்டு பேருக்கும் நல்லம்." பிறகு முதுகு துடைத்து, பவுடர் போட்டு, குழாயில் கஞ்சி விட்டேன். யாரிடமும் சொல்லாதது. எழுதுவதும் இதுதான் முதல்.

"நீங்க ஏதும் கேக்கப் போறீங்களா?" என்றார் மிஸ்.
"தலகாணி உசரம் சரியா?" என்று கேட்டேன்.
இல்லை.
இரண்டு வருஷமாகச் சரியில்லை.

ஜன. 10, வெள்ளி
ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே மெஷினைக் கழற்றிவிட்டார்கள்.

"இனி எப்ப வரும் மிஸ்?"
"சொல்ல ஏலாது. எங்களிட்ட உள்ளது இது ஒண்டுதான்."

நவ்சாத்தின் தலையில் பசையைத் துடைத்துக்கொண்டே மிஸ் சாதாரணமாகக் கேட்டார்: "இவர்ட கண் மேல போகுதுதானே. எழுத்து அட்டை வச்சுக் கதைக்கல்லையா நீங்க?"
"என்ன அட்டை?"

காட்டினார். ஒரு காகிதம். எழுத்துகளை வரிசையாக எழுதி, விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை உயர்த்துவார். வயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

ஒருத்தரும் சொல்லவில்லை. எத்தனை கிளினிக், எத்தனை டொக்டர். ஒரு காகிதம்! வாகனம் போன பிறகும் வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரை ஏசுவது?

ஜன. 12, ஞாயிறு
மழை விட்டது. பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கம், மார்க்கர் பேனை. கண் மேலே போனால் ஓம். அசையாவிட்டால் இல்லை.

மதினியை இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்: "நோன்பில நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"
கண் மேலே போனது.
"கோவமா?"
அசையவில்லை. பார்வை அட்டையில் நின்றது.

விரலை வைத்தேன். நா. னு. ம். பிறகு கே. அரை மணித்தியாலம். இரண்டு தடவை வரிசை பிழைத்தது.

நானும் கேட்டன்.

அல்லாஹ்விடம். அதையே. ஒரே அறை, இரண்டு பேர், ஒரே துஆ. ஆளுக்கு ஆள் தெரியாமல்.

"இப்பயும் கேக்கிறீங்களா?" என்றேன்.

கண் அசையவில்லை. இமை பாதி மூடியிருந்தது. இல்லை என்றாரா, களைத்துவிட்டாரா? நாளைக்கு 'இல்லை'க்கு வேறு அடையாளம் வைக்க வேண்டும்.